தொழுவத்தில் ஒரு எஞ்சின்

மாமா ஹெரால்டை விற்கப் போகிறார் என்று அம்மா போனில் சொன்னபோது, "எந்த எஞ்சினோட?" என்றுதான் முதலில் கேட்டேன். அம்மாவுக்குப் புரியவில்லை. "வண்டின்னா எஞ்சின் இருக்கத்தானல செய்யும்" என்றாள். எங்கள் வீட்டில் அது அவ்வளவு எளிதான விஷயம் கிடையாது. மாமாவின் காரில் ஓடுவது ஒரு எஞ்சின், ஆர்.சி. புக்கில் இருப்பது இன்னொன்று. அந்த இன்னொன்று வி.கே.புரம் வீட்டின் மாட்டுத் தொழுவத்தில், சாக்கு போர்த்தி, கிரீஸ் பூசி, இருபத்தெட்டு வருஷமாகக் கிடக்கிறது.

வண்டி 1967 பதிவு, இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மாமா 1984இல் இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கினார். அப்போது அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. ஹார்வி சகோதரர்கள் 1880களில் தாமிரபரணி விழுகிற வேகத்தை வைத்தே ஓட்டிய மில் உள்ள ஊர் எங்களுடையது. மேலே பாபநாசத்தில் 1944இல் மின் நிலையமும் வந்துவிட்டது. எந்திரம் என்றால் பயப்படாத ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். மாமா அதில் ஒருவர்.

1996 ஆடி அமாவாசை. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு, ஆறு பேரையும் ஒரு அண்டாவையும் ஏற்றிக்கொண்டு காரையார் மலை ஏறினார். முன்னால் வண்டிகள் எறும்பு வரிசை. முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. வெந்த எஞ்சினில் ஹெட் வெடித்தது. "என் தப்புதான்ல, வண்டி மேல குத்தம் சொல்லப்பிடாது" என்று இன்றைக்கும் சொல்வார்.

ஒரு சிலிண்டர் ஹெட் கிடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நெல்லையிலும் நாகர்கோவிலிலும் மதுரையிலும் தேடினார். கிடைக்கவில்லை. அந்தக் காரைச் செய்த கம்பெனி மூடி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்தியாவில் கார் என்றால் மூன்றே பேர் என்றிருந்த காலத்தில் கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட், மதராஸுக்கு ஸ்டாண்டர்டு. 1940களின் கடைசியில் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தொழிற்சாலை போட்டது. வேன்கார்டு முதலில் வந்தது, பிறகு எயிட், டென், பென்னன்ட், 1961இல் ஹெரால்டு. கார் கேட்டுப் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலம் அது. புதுக் காரை வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்க வேண்டுமென்றால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இரண்டாம் கை வண்டிக்கு அவ்வளவு மவுசு.

ஹெரால்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. மூக்கு முழுவதும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே எஞ்சினில் கை வைக்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால் மில் குவார்ட்டர்ஸ் சந்துகளுக்கென்றே செய்ததுபோல இருக்கும். அடியில் தனிச் சட்டம் இருந்ததால், அந்தச் சட்டத்தையே நீளம் குறைத்து 1962இல் ட்ரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்கள். அதன் எஞ்சினும் ஹெரால்டின் குடும்பம்தான். மாமாவுக்கு இது தெரிந்த நாளிலிருந்து வண்டியை "ஸ்போர்ட்ஸ் காரோட கூடப்பொறந்தவன்" என்றே அறிமுகப்படுத்துவார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "அதான் தள்ளுனாத்தான் ஓடுதோ?" என்பார்.

ஹெட் கிடைக்காத அந்த வருஷம், விபத்தில் நொறுங்கிய ஒரு ஜிப்ஸியிலிருந்து 970 சிசி எஞ்சினை வாங்கிவந்தார். ஹெரால்டின் சொந்த எஞ்சின் 948 சிசி. அளவில் பெரிய வித்தியாசமில்லை. ஜிப்ஸி எஞ்சினையும் ஹெரால்டு கியர்பாக்ஸையும் இணைக்க, ஒரு தடித்த இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்து நடுவே வைத்தார். மூன்று மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு வண்டி ஒரு நாளும் நின்றதில்லை.

ஆனால் ஆர்.சி. புக்கில் அதை எழுத வைக்கவில்லை. அன்றைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவு அலுவலகத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் பெற வழி இருந்தது. "பொறவு பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்" என்றார். 2000இல் சட்டம் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாறுகிற எந்த மாற்றமும் கூடாது என்றாகிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு. எஞ்சின் மாற்றிய காரை நாட்டுக்கே விற்ற கம்பெனி, மாமாவின் வண்டியைச் செய்த அதே கம்பெனிதான்.

1976இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 வந்தது. டேவிட் பேச் வரைந்தது. ஃபெராரி டேட்டோனாவின் சாயல் முன்முகத்தில் அப்படியே தெரியும். உள்ளே மூன்றரை லிட்டர் வி8. அந்த வி8கூட ரோவருடைய சொந்தப் பிள்ளை கிடையாது, 1960களின் நடுவில் அமெரிக்காவின் ப்யூக்கிடமிருந்து வாங்கியது. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. பிரிட்டிஷ் போலீஸ் இதை வைத்து நெடுஞ்சாலைகளில் திருடர்களை விரட்டியது.

இந்த உடம்பைத்தான் ஸ்டாண்டர்டு கம்பெனி மதராஸுக்குக் கொண்டுவந்து, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் விற்றது. வி8 வரவில்லை. அதன் இடத்தில் உட்கார்ந்தது பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சிசி, நாலு சிலிண்டர் எஞ்சின். அதன் மூதாதை 1940களின் கவெண்ட்ரி. அதே எஞ்சின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. அதே 1991 சிசி அளவில் 1953இல் ட்ரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் மணிக்கு நூறு மைலைத் தாண்டி ஓடியது. டிஆர்2 ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 90 குதிரைத்திறன். ஸ்டாண்டர்டு 2000க்கு 83 குதிரைத்திறன், இழுக்க வேண்டியதோ ரோவரின் கனத்த உடம்பு. நம் சாலைக்காக வண்டியைத் தூக்கியும் வைத்தார்கள்; பார்ப்பதற்கு வேட்டியை மடித்துக் கட்டிய துரை மாதிரி இருக்கும்.

விளம்பரத்தில் பார்த்தவர்கள் ரோவரைப் பார்த்தார்கள், ஓட்டியவர்கள் வேன்கார்டை ஓட்டினார்கள். 1983 டிசம்பரிலேயே மாருதி வந்து, கொஞ்சம் பெட்ரோலில் நிறைய ஓடுவது எப்படி என்று ஊருக்குக் காட்டியிருந்தது. சொன்ன மைலேஜ் ஒன்று, கிடைக்கிற மைலேஜ் ஒன்று என்ற புகார் ஸ்டாண்டர்டு 2000ஐ விடவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது, அத்தோடு கம்பெனியும். 2006இல் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, பெருங்களத்தூரில் அடுக்கிவைத்த பயன்படுத்தாத எஸ்டி1 உதிரி பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனது. ரோவர் பிரியர்களுக்கு அங்கே அந்தக் கதவும் பானெட்டும் பொக்கிஷம். எஞ்சினை நம்மிடம் விட்டுவிட்டு உடம்பை மட்டும் திரும்ப வாங்கிப் போனார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாமா சிரிக்க மாட்டார். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆட்களை அவருக்குத் தெரியும்.

சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல என்பது சரிதான். கம்பெனி அனுமதி வாங்கி மாற்றியது, மாமா வாங்கவில்லை. ஆனாலும் டிராக்டர் வம்சத்து எஞ்சினை ஃபெராரி முகத்துக்குள் வைத்தது 'அசல்' என்றும், ஒரு நாளும் நிற்காத ஜிப்ஸி எஞ்சின் 'கலப்படம்' என்றும் காகிதம் சொல்லும்போது காகிதத்தின் மீது எனக்குக் கொஞ்சம் மரியாதை குறைகிறது.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்ப் பையன், முப்பது வயது இருக்கும். வண்டியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். மாமா நாலு வருஷம் செலவழித்து துருவெல்லாம் வெட்டி, தகடு பற்றவைத்து, பழைய வெளிர்நீலத்தைக் கொண்டுவந்திருந்தார். பையன் கேட்டது விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் வந்த விதி: முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி, சட்டம், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால், விஏ எழுத்து உள்ள எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். விற்கவும் வாங்கவும் தடையில்லை, தொண்ணூறு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வயது இருந்தது, எஞ்சின் இல்லை.

கூட வந்த தரகர், "நம்பர மட்டும் ஜிப்ஸி பிளாக்குல அடிச்சுரலாம் அண்ணாச்சி, ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்" என்றார்.

மாமா லேத்காரர். எண்ணை எப்படி அடிப்பது என்று அந்தத் தரகரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். விலை அப்போது மூன்று லட்சத்தில் நின்றது. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது, அதற்காகத்தான் விற்பனையே.

"தம்பி, இதுல ஓடுதது வேற எஞ்சின். நான் மாத்துனது. புக்குல ஏத்தல" என்றார் பையனைப் பார்த்து. "அசலு தொழுவத்துல கெடக்கு. ஹெட்டு போச்சு, பிளாக்கு நல்லாருக்கு. வந்து பாருங்க."

தொழுவத்தில் சாக்கை விலக்கினோம். பையன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிளாக்கைத் துடைத்து, ஆர்.சி. புக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். கடைசி இலக்கத்தில் நின்றார். மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றி லென்ஸைப் பூதக்கண்ணாடி மாதிரிப் பிடித்தார். எட்டு. புக்கிலும் எட்டு.

ஹெட் இப்போது இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம் என்று பையன் போனில் காட்டினார். ஸ்பிட்பயருக்காக இன்னும் செய்கிறார்களாம். மாமா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது தொண்ணூத்தாறுல எங்கல போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

விலை இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு இறங்கியது. ஜிப்ஸி எஞ்சினைக் கழற்றிய பிறகு, அந்த இரும்புத் தகட்டை மட்டும் கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மாமா ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொன்னார். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தை உள்ளிருந்து எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை ஹெரால்டை லாரியில் ஏற்றினார்கள். பிளாக்கை இரண்டு பேர் தூக்கிவந்து பின்னால் வைத்தார்கள். லாரி கிளம்பும் நேரத்தில் மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, அந்தச் சாக்க மட்டும் குடுத்துட்டுப் போங்க. புண்ணாக்கு அள்ளணும்."