அட்டகாமாவிலிருந்து செஞ்சி நெஞ்சுக்கு

செஞ்சிக்கு மிக அருகில் உப்பு விளையும் ஊர் மரக்காணம். ஆனால் செஞ்சிக்காரர்களின் சாப்பாட்டில் சேரும் அயோடின் அந்தக் கடலின் கொடை அன்று. கடலுப்பில் அது மிகச் சொற்பம். இந்தியாவுக்குத் தேவையான அயோடினில் பெரும்பங்கு சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்துக் கனிமப் படிவங்களிலிருந்து கப்பலேறி வருகிறது. பொட்டாசியம் அயோடேட்டாக மாறி, தூத்துக்குடி போன்ற ஊர்களில் உப்போடு கலக்கிறது. இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி 1956இல் தொடங்கிய ஆய்வு, இப்படிக் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962இல் கழலையைத் தடுக்கும் தேசியத் திட்டம் பிறந்தது. எத்தனையோ குழந்தைகளின் மூளையைக் காத்த உப்பு அது, பழிப்பதற்கு உரியதல்ல.

அந்த உப்பின் ஒரு சிட்டிகை, செஞ்சி விற்பனைக் கமிட்டிக்கு நெல் மூட்டையோடு வரும் ஒரு நடுவயதுப் பெண்ணின் கஞ்சியில் கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அவருக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம் அயோடின்தான். குடலிலிருந்து இரத்தத்துக்கு வந்ததும் தைராய்டு சுரப்பி அதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் சேர்ந்தது டி4 ஹார்மோன். கல்லீரல் முதலிய உறுப்புகளில் ஓர் அணு கழன்றால் டி3. இதயத்தில் வேலை செய்வது இந்த டி3தான்.

இதயச் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதை அது மாற்றுகிறது. அளவோடு இருக்கும்வரை நன்மை. கிரேவ்ஸ் நோயில் உடலே உண்டாக்கும் எதிர்ப்புரதங்கள் சுரப்பியை ஓயாமல் தூண்டுகின்றன, டி3 பெருகுகிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சு வேகமெடுக்கிறது. மேலறைச் செல்களில் பொட்டாசியம் மின்னோட்டம் கூடி, கால்சியம் மின்னோட்டம் குறைகிறது. ஒவ்வொரு மின்னலையும் சீக்கிரமே அடங்குவதால், அடுத்த அலையை ஏற்காமல் செல் ஓய்ந்திருக்கும் நேரமும் சுருங்குகிறது. நுரையீரல் சிரைகள் இதயத்தோடு சேரும் இடங்களிலிருந்து எழும் தறிகெட்ட தூண்டல்களுக்கு அந்தச் சுருக்கமே வழிவிடுகிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்குகிறது. ஈசிஜியில் பி அலை காணாமற்போய், துடிப்புகளுக்கிடையே இடைவெளி தாறுமாறாகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதுதான். நடுங்கும் அறையில் தேங்கிய இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுகிற எவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நிழலில் உட்கார்ந்தால் அடங்கும். தைராய்டு ஹார்மோன் மிகும்போது தூக்கத்திலும் நாடி வேகமாகவே ஓடும். கூடவே எடை குறையும், கை நடுங்கும், வியர்வை பெருகும். இதைப் பயம், கவலை, மாதவிடாய் நிற்கும் வயது என்று சொல்லிச் சொல்லியே பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. ஒரு குழாய் இரத்தமும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்ஹெச் பரிசோதனையும் போதும், காரணம் தைராய்டா என்று தெரிந்துவிடும். வயதானவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்காது, கை நடுங்காது. தாளம் தப்பிய நாடி ஒன்றே அடையாளம்.

உப்பை நிறுத்தினால் இந்த நோய் தீராது. ப்ரோப்ரனலால் துடிப்பின் வேகத்தைத் தணிக்கும். கார்பிமசோல் அயோடின் ஹார்மோனாவதைத் தடுக்கும். சிலருக்கு அயோடினே மருந்தாகவும் வருகிறது. கதிரியக்கமுள்ள அயோடின் 131ஐ, சாதாரண அயோடின் என்றே நம்பி சுரப்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் கதிர்கள் மிகையாகச் சுரக்கும் செல்களை அழிக்கும். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு: இதயத் தாளத்தைச் சரிசெய்யக் கொடுக்கும் அமியோடரோன் மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். அதுவே சிலருக்குத் தைராய்டைக் கிளப்பிவிடும். அதனால்தான் அம்மருந்து சாப்பிடுபவர்களுக்கு அவ்வப்போது தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

ஹார்மோன் அளவு சீரான பிறகு, பலருக்குச் சில மாதங்களில் தாளம் தானாகவே திரும்பிவிடுகிறது. நெடுங்காலம் கவனிக்காமல் விட்டு மேலறை விரிந்துபோனவர்களுக்கு அது திரும்பும் வாய்ப்புக் குறைவு.