நக்ஷத்திரக் கோலின் வாரிசுகள்

அமெரிக்க தேசத்துச் சித்திரக் கதைகளில் பறந்தும் பாய்ந்தும் துஷ்டர்களை அடக்குகிற அதிமானுஷ வீரர்களுக்கு மூப்பு என்பது இல்லை. 1938-ல் தோன்றிய ஸூபர்மேன் இன்றைக்கும் நரை காணாத வாலிபனாகவே உலாவுகிறான். மூப்பும் மரணமும் இல்லாதவனுக்கு வாரிசு எதற்கு? ஆகவே, ஒரு வீரனுடைய பெயரையும் ஆயுதத்தையும் கடமையையும் பின்னால் வந்த ஒருவர் ஏற்றுக்கொள்வது என்ற சம்பிரதாயம் இக்கதைகளோடு கூடப் பிறந்ததன்று. வியாபாரம் படுத்துப் பின்பு எழுந்த சமயங்களில், பழைய கதைகளை மறக்க மனமில்லாத சிலரால் சிறுகச் சிறுக அது உருவாக்கப்பட்டது. 2020 முதல் 2022 வரையில் ஒளிபரப்பான 'ஸ்டார்கேர்ள்' என்னும் தொலைக்காட்சித் தொடரில், கோர்ட்னி விட்மோர் என்ற பள்ளிக்கூடத்துப் பெண் கையில் ஏந்தி வருகிற நக்ஷத்திரக் கோலின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், இந்தச் சம்பிரதாயத்தின் சரித்திரம் முழுவதும் அதிலேயே அடங்கியிருப்பதைக் காணலாம்.

பரம்பரை வீரன் என்ற கற்பனைக்கு ஸூபர்மேனுக்கும் முந்திய ஓர் உதாரணம் உண்டு. லீ ஃபால்க் என்பவர் 1936-ல் பத்திரிகைகளுக்காகச் சிருஷ்டித்த முகமூடி வீரனை, வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். காட்டில் வாழும் அவ்வீரன் சாவே இல்லாதவன் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். உண்மையிலோ தந்தைக்குப் பின் மகன் என்று நானூறு ஆண்டுகளாக அதே உடையை அணிந்து வருகிற குலத்தில் அவன் இருபத்தோராவது புருஷன். ஆனால் அது முற்றிலும் இரத்த உரிமை. இரத்த உறவு இல்லாதவருக்கு வீரம் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

1940-ல் பேட்மேனுக்கு ராபின் என்ற சிறுவன் துணையாக வந்ததும், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்துவது பதிப்பாளர்களிடையே மோகமாகவே ஆகிவிட்டது. ஸூபர்மேனைப் படைத்த இருவரில் எழுத்தாளரான ஜெர்ரி சீகல், மறு வருஷமே அந்த ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார். ஹால் ஷெர்மன் என்ற ஓவியருடன் சேர்ந்து அவர் எழுதிய கதையில், செல்வர் வீட்டுப் பையனான ஸில்வெஸ்டர் பெம்பர்டன், 'ஸ்டார் ஸ்பாங்கிள்ட் கிட்' என்ற பெயரில் தலைவனாக முன்னே போகிறான். அவன் வீட்டுக் காரோட்டியும் வயதில் மூத்தவருமான பாட் டுகன், 'ஸ்ட்ரைப்ஸி' என்ற பெயரில் எடுபிடியாகப் பின்னே வருகிறார். ஏறக்குறைய அதே காலத்தில், ஜாக் பர்ன்லியின் சித்திரங்களோடு 'ஸ்டார்மேன்' என்னும் வேறொரு வீரனும் வெளிவந்தான். டெட் நைட் என்ற விஞ்ஞானியான அவனிடம் நக்ஷத்திரங்களின் சக்தியை ஈர்க்கும் கோல் ஒன்று இருந்தது. 1940-ம் வருஷக் குளிர்காலத்தில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' இதழில் தொடங்கிய ஜஸ்டிஸ் ஸொசைட்டி என்ற முதல் வீரர் சங்கத்திலும் அவன் பிற்பாடு இடம் பெற்றான். பையனும் எடுபிடியும் ஒரு கதையில். கோல் மற்றொரு கதையில். இவை ஒன்றாகச் சேர்வதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

யுத்தம் முடிந்ததும் இவ்வீரர்களின் மவுசும் முடிந்தது. ஹிட்லரைக் கேலிப்படத்தில் அடித்து வீழ்த்துவதைக் காசு கொடுத்துப் படித்தவர்கள், சமாதான காலத்தில் குதிரைவீரர் கதைகளையும் குற்றக் கதைகளையும் நாடினார்கள். ஜஸ்டிஸ் ஸொசைட்டியின் கதைகள் 1951-ல் நின்றுபோயின. 1954-ல், சித்திரக் கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று மனோதத்துவ மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் நூல் எழுதிக் கிளர்ச்சி செய்ய, பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். இந்தச் சோர்வுக்கு நடுவேதான் வாரிசுச் சம்பிரதாயத்தின் வித்து விழுந்தது. 1956-ல், ஸூபர்மேன் கதைகளை வெளியிட்ட டி.ஸி. ஸ்தாபனத்தார் 'ஃப்ளாஷ்' என்ற பழைய பெயரைப் புதிய ஆளுக்குச் சூட்டியபோது, பாரி ஆலன் என்ற அந்தப் புதியவன், பழைய ஃப்ளாஷின் சித்திரக் கதையை வாசிப்பவனாகவே அறிமுகமாகிறான். மின்னல் தாக்கி வேகம் வந்தவுடன், தான் படித்த நாயகனின் பெயரையே அவன் வைத்துக்கொள்கிறான். வாசகன் வாரிசான முதல் நிகழ்ச்சி அதுதான் என்று சொல்லலாம்.

கதைக்குள் நடந்தது பிறகு கதைக்கு வெளியேயும் நடந்தது. சிறுவயதில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' படித்து மயங்கிய ராய் தாமஸ், வளர்ந்து அதே ஸ்தாபனத்துக்கு எழுத்தாளராக வந்து, பழைய வீரர்களுடைய புதல்வர்களும் சிஷ்யர்களும் சேர்ந்த 'இன்ஃபினிட்டி இன்க்.' என்ற தொடரை 1984-ல் தொடங்கினார். அதில் இளைஞர்களுக்குத் தலைமை தாங்கிய பெம்பர்டன் 1988-ல் கொல்லப்பட்டான். 1994-ல் ஜேம்ஸ் ராபின்ஸன், டெட் நைட்டின் இளைய மகனான ஜாக் என்னும் பழம்பொருள் வியாபாரி, தமையன் கொலையுண்டதால் வேண்டாவெறுப்பாகத் தந்தையின் கோலைக் கையில் எடுப்பதாக எழுதினார். 1999-ல் ஜெஃப் ஜான்ஸ் என்ற இளம் எழுத்தாளர், லீ மோடர் என்ற ஓவியருடன் கோர்ட்னியைப் படைத்தார். 1996-ல் நியூயார்க்குக்கு அருகே கடலில் விழுந்து 230 பேரைப் பலிகொண்ட விமான விபத்தில் தம் தங்கையைப் பறிகொடுத்த ஜான்ஸ், அவளுடைய இயல்பையே இப்பாத்திரத்துக்கு உயிராக ஊட்டினார். இந்தக் கோர்ட்னியோ பக்தியினால் வாரிசு ஆனவள் அல்லள். தாயார் மறுமணம் செய்துகொண்ட பாட் டுகனின் பெட்டியில் பெம்பர்டனின் இடைவாரைக் கண்டு, மாற்றாந்தந்தையைச் சீண்டுவதற்காகவே அதை அணிந்துகொண்டவள். 2001-ல் ஜாக் நைட் ஓய்வு பெற்றுக் கோலை அவளிடம் ஒப்படைத்தபோது, 1941-ல் தனித்தனியே புறப்பட்ட இரண்டு ஆறுகள் ஒன்றில் ஒன்று கலந்தன.

2020 மே 18-ல் ஆரம்பமாகி, மூன்று பருவங்களில் 39 அத்தியாயங்களாக 2022 டிசம்பர் 7 வரை நடந்த தொலைக்காட்சித் தொடரை ஜான்ஸே முன்னின்று உருவாக்கினார். கோர்ட்னியாக ப்ரெக் பாஸிங்கரும், பாட் டுகனாக லூக் வில்ஸனும் நடித்தார்கள். இங்கே பெம்பர்டனே ஸ்டார்மேன். துஷ்டர் கூட்டத்தோடு நடந்த போரில் அவன் வீழ்ந்து, பத்து ஆண்டுகள் கழிந்த பின், நெப்ராஸ்காவில் ப்ளூ வாலி என்னும் சிற்றூருக்குக் குடிவந்த கோர்ட்னி வீட்டின் நிலவறையில் கோலைக் காண்கிறாள். அது அவள் கைக்குப் பணிகிறது. சிறுவயதில் காணாமற்போன தன் தகப்பனே ஸ்டார்மேன் என்றும், ஆகையால்தான் கோல் தன்னை ஏற்றதென்றும் அவள் திடமாக நம்புகிறாள். அந்நம்பிக்கையை ஜான்ஸ் இரக்கமின்றி உடைக்கிறார்: உண்மையான தகப்பன் ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறான், அவன் வீரனும் அல்லன், மகளை நாடி வந்தவனும் அல்லன், அவளிடமுள்ள பழைய பதக்கத்தை விற்றுக் காசாக்க வந்தவன். குல உரிமை பொய்யாய்ப் போன பிறகும் கோல் அவளை விட்டுப் போகவில்லை என்பதே இத்தொடரின் சாரம்.

எனினும், இத்தனை தலைமுறைகளுக்கும் கோலைக் காத்துக் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், வேடிக்கைக்காக 1941-ல் எடுபிடியாக வைக்கப்பட்ட பாட் டுகன்தான் எதிரே நிற்கிறார். மாண்ட தோழர்களின் உடைமைகளை வீசியெறியாமல் பாதுகாத்து, அவர்கள் கதையை அடுத்தவளுக்குச் சொல்லி, கார் உதிரிகளைக் கொண்டு தாமே கட்டிய யந்திர மனிதனுக்குள் ஏறி அவளுக்குப் பின்னே நின்றவர் அவரே. ராய் தாமஸும் ராபின்ஸனும் ஜான்ஸும் தங்கள் தொழிலில் செய்ததும் இதே காரியம். வாரிசு தானாகத் தோன்றுவதில்லை; காப்பவன் ஒருவன் இருந்தால்தான் வாரிசு உண்டாகிறான்.

இந்த நீதி அச்சுத்தாளுக்கு வெளியே செல்லுபடியாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சீகலும் அவருடைய நண்பர் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் ஸூபர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, முதுமையில் வறுமையுற்று, 1975-ல் பலருடைய முயற்சிக்குப் பின்னரே ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளம் பெற்றார்கள். 1996-ல் சீகல் காலமான பின்பு அவர் மனைவியும் மகளும் நெடுங்காலம் வழக்காடியும், முடிவான தீர்ப்பு ஸ்தாபனத்தின் பக்கமே நின்றது. வீரர்களுக்கெல்லாம் வாரிசு தேடித் தந்த தொழில், அவ்வீரர்களைப் பெற்றெடுத்தவரின் வாரிசுகளைக் கைவிட்டது. ஆகையால் இத்தொடரைக் கண்டு மகிழ்கிறவர்கள், அதற்கு அடிக்கல் நாட்டிய ஜெர்ரி சீகலின் பெயரையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நியாயமாகும்.