பெயரற்ற முகங்கள்

வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. படங்களிலும் அது பதிந்து கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரின் தோற்றத்தை இன்று நாம் காண முடிகின்றதென்றால், அதற்குக் காரணமானவர்களுள் செருமானியரான குஸ்தாவ் ரிச்சர்டு லாம்பர்ட் குறிப்பிடத்தக்கவர்.

டிரெஸ்டன் நகரத்தவரான அவர், 1867ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹை ஸ்திரீட்டில் நிழற்பட நிலையம் திறந்தார். இடையில் சிங்கப்பூரை விட்டுச் சென்று மீண்டவர், 1877இல் ஆர்ச்சர்டு சாலையில் தொழிலைப் புதிதாகத் தொடங்கினார். சயாம் மன்னரின் நிழற்படக்காரர் என்னும் சிறப்பும் அவருக்கு வாய்த்தது. 1880களின் நடுவில் நிருவாகம் அலெக்சாண்டர் கோக்கிடம் சென்றது. சுமத்திரா, கோலாலம்பூர், பேங்காக் ஆகிய இடங்களிலும் கிளைகள் தோன்றின. 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 3,000 காட்சிகள் அந்நிலையத்தின் இருப்பில் இருந்தன. முதல் உலகப் போர்க் காலத்தோடு அதன் வாழ்வு முடிவுற்றது.

அவ்வணிகத்தின் இயல்பை நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டிலிருந்து படிகள் பல எடுக்கலாம். கப்பற் பயணிகளும் தோட்டத் துரைமார்களும் அவற்றை நினைவுப் பொருளாக வாங்கினர். 1890களின் இறுதியில் பட அஞ்சலட்டைகளும் விற்பனைக்கு வந்தன. ஆகவே, எதனைப் படமாக்குவது என்பதை வாங்குவோர் விருப்பமே பெரிதும் முடிவு செய்தது.

பணம் கொடுத்துத் தம் உருவத்தைப் பதிவு செய்துகொண்ட செல்வர்க்குப் பெயர் உண்டு. விற்பனைக்காகப் படமாக்கப்பட்ட உழைப்பாளிக்கோ பெயர் இல்லை. இனமும் தொழிலுமே அவனுக்கு அடையாளம். அக்காலப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் தமிழர் பலர் ‘கிளிங்’ என்று மட்டுமே குறிக்கப்பட்டனர். பின்னாளில் இழிசொல்லாகிவிட்ட அச்சொல்லுக்குப் பின்னே மறைந்துபோன பெயர்கள் எத்தனையோ!

இதனால் அப்படங்களை ஒதுக்கிவிடல் தகாது. அவை இல்லையேல் அம்முகங்களும் நமக்கு எஞ்சியிரா. 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்பால் பிடோக்கின் பழைய கரையோரம் உருமாறிவிட்டது. முன்பு அலை மோதிய இடத்தை இன்றைய மாணவனுக்குக் காட்டப் படமன்றி வேறு எது துணையாகும்? ஆயினும், படத்தை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார், எதனை விடுத்தார் என்னும் மூன்று வினாக்களை அவன் எழுப்பப் பழகுதல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்கள் மற்றொரு பணியும் செய்யலாம். வீட்டிலுள்ள பழைய படங்களைப் பாட்டியிடம் காட்டி, அவற்றில் இருப்போரின் பெயர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் எழுதி வருமாறு மாணவரைப் பணிக்கலாம். படவணிகர் எழுதாது விட்டதை நாம் எழுதலாம். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே உள்ளபோதே எழுதுதல் வேண்டும்.