வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?

1986இல் மார்க்கிடிஸ், கொரீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான கணக்கை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் ஹிஸ்பானியர்கள், அதாவது பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள், வறுமையிலும் படிப்பிலும் கறுப்பின மக்களின் நிலையில்தான் இருந்தார்கள். நீரிழிவும் உடல் பருமனும் வேறு. இதயநோயில் அதிகம் சாக வேண்டியவர்கள் இவர்கள்தானே? இறப்புப் பதிவேட்டைப் புரட்டினால், வெள்ளையர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்! இதற்குப் பின்னாளில் 'ஹிஸ்பானியப் புதிர்' என்ற பெயர் நிலைத்தது.

உடம்பில் தெம்புள்ளவர்கள்தான் புலம்பெயர்வார்கள் என்றார்கள் சிலர். நோய் முற்றியவர்கள் சொந்த ஊருக்குப் போய்ச் சாகிறார்கள், அதனால் அமெரிக்கக் கணக்கில் வருவதில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது வாதத்தை 1999இல் ஓர் ஆய்வு அழகாக மடக்கியது. அன்றைக்குக் கியூபர்களால் நாடு திரும்ப முடியவில்லை. போர்ட்டோ ரிக்கோவுக்குத் திரும்பினாலும் அந்தச் சாவு அமெரிக்கக் கணக்கில்தான் விழும். இந்த இரு சாராரிடமும் இறப்பு விகிதம் குறைவாகவே இருந்தது.

அப்படியானால் காப்பது ஊர்ப் பண்பாடா? இந்தச் சந்தேகம் பழசு. கலிஃபோர்னியாவின் ஜப்பானியர்களை ஆராய்ந்த மார்மட்டும் சைமும், பழைய வாழ்க்கைமுறையை விடாதவர்களைவிட அமெரிக்கர்களாகவே மாறிவிட்டவர்களிடம் இதயநோய் பல மடங்கு அதிகம் என்று 1976லேயே எழுதியிருந்தார்கள். ஹிஸ்பானியர்களிடம் இந்த மாற்றத்தை அளக்க 1987இல் 12 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் வந்தது. வீட்டில் என்ன மொழி, டிவியில் என்ன மொழி, நண்பர்கள் யார். அவ்வளவுதான்.

ஆனால் மறு வருஷமே குழப்பம். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் ஏழைக் குடியிருப்பு, நடுத்தரப் பகுதி, வசதியான புறநகர் என்று மூன்று இடங்களில் மெக்சிகோ வழியினரை ஆராய்ந்தார்கள். அமெரிக்க வாழ்க்கைக்குப் பழகப் பழக அவர்களுக்குப் பருமனும் நீரிழிவும் குறைந்திருந்தன.

பிறகு 2008 முதல் 2011 வரை பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 16,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். 2012இல் வந்த முடிவு நேர் எதிர். அமெரிக்காவில் பிறந்தவர்கள், 10 வருஷத்துக்கு மேல் இருந்தவர்கள், ஆங்கிலத்தை விரும்புபவர்கள் ஆகியோரிடம்தான் இதயத்துக்கு ஆபத்தான காரணிகள் ஒன்றுசேர்ந்து கிடந்தன.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்றே நினைக்கிறேன். ஆங்கிலம் கைவந்தால் டாக்டரிடம் நோயைச் சொல்லலாம், நல்ல வேலைக்குப் போகலாம். அதே ஆங்கிலத்தோடு சோடாவும் துரித உணவும், பெண்களிடம் சிகரெட்டும் வருகின்றன. எந்த அமெரிக்காவுக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து கணக்கு மாறுகிறது. 12 கேள்விகளில் வாடகை பற்றி ஒன்றுகூட இல்லை.

2012 முடிவில் ஆபத்துக் காரணிகள் அதிகம் சேர்ந்திருந்தது போர்ட்டோ ரிக்கோ வழியினரிடம். 1917லிருந்து அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் தாண்டி வர எல்லையே கிடையாது.