மவ்ஸிம் முதல் எல் நினோ வரை: கடலைக் கணித்தறிந்த வரலாறு

பருவக்காற்றைக் குறிக்க உலகம் வழங்கும் ‘மான்சூன்’ என்னும் சொல், ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். குறித்த காலம், பருவம் என்பன அதன் பொருள். ஹஜ்ஜுக் காலத்தையும் அரபியர் இச்சொல்லாலேயே சுட்டுவர். போர்த்துகீசியர் வழியாக அது ஐரோப்பிய மொழிகளுள் புகுந்தது. காலம் தவறாது திரும்பி வரும் என்னும் நம்பிக்கை இச்சொல்லினுள் பொதிந்துள்ளது. அந்நம்பிக்கை எங்ஙனம் கணிதமாயிற்று, எவ்விடத்தில் தடுமாறிற்று என்பதை இங்கு நோக்குவோம்.

ஜுல்ஃபாரில், அதாவது இன்றைய ராஸ் அல் கைமாவில், பிறந்த மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் 1490ஆம் ஆண்டளவில் ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் நூலை இயற்றினார். எத்துறைமுகத்திலிருந்து எந்நாளில் பாய் விரிக்கலாம், எந்நாளுக்குப் பின் புறப்படலாகாது என்பவற்றை அந்நூல் வரையறுக்கிறது. அந்நாள்களை அவர் ஹிஜ்ரி மாதங்களால் குறிக்கவில்லை. பாரசீகரின் நைரூஸ் புத்தாண்டிலிருந்து எண்ணினார். சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால் காற்றின் பருவத்தோடு ஒட்டி வாராது. நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறையைப் பார்த்த அம்மாலுமிகள், காற்றுக்குக் கதிரவனைப் பார்த்தனர். உதுமானியக் கடற்படைத் தலைவர் சீதி அலி ரெய்ஸ் 1554இல் அகமதாபாத்தில் எழுதிய ‘முஹீத்’ இவ்வறிவைத் துருக்கி மொழிக்குக் கொண்டு சென்றது. எனினும், இவையெல்லாம் பருவம் தவறாது வரும் என்பதன் மீது எழுந்த கணக்குகள். பருவம் பொய்க்கும் ஆண்டை முன்னறிய அவற்றில் வழியில்லை.

அவ்வாறு பொய்த்த ஆண்டு 1876. நம் முன்னோர் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று அழைத்த கொடுமை அப்போது தொடங்கிற்று. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மதராஸ், மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகளில் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டுகளில் வட சீனமும் வடகிழக்குப் பிரேசிலும் வறண்டன. இத்துயரங்களுக்கு ஒரு பொது வேர் உண்டென்பதை அன்று எவரும் அறிந்திலர்.

1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்துப் பனியின் அளவைக் கொண்டு மழையை முன்னுரைக்க முயன்றார். முதல் முறையான பருவ முன்னறிவிப்பு 1886இல் வெளியாயிற்று. ஆயினும் 1899இன் கடும் வறட்சியைத் துறை முன்கூட்டிக் காணத் தவறியது. 1904இல் பொறுப்பேற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகெங்கிலும் இருந்து வந்த அளவீடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பசிபிக் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் அது தாழ்வதையும், முன்னது தாழும்போது பின்னது உயர்வதையும் கண்டார். தராசுத் தட்டுகளை ஒத்த இவ்வசைவுக்குத் ‘தென் அலைவு’ எனப் பெயரிட்டார். ஆனால், அத்தராசை அசைப்பது யாது என்பதை அவரால் விளக்க இயலவில்லை.

விடை கடலில் இருந்தது. பெரு நாட்டு மீனவர், கிறிஸ்துமஸையொட்டித் தம் கரையில் வெதுவெதுப்பான நீர் வருவதை ‘எல் நினோ’ என்றழைத்து வந்தனர். பசிபிக் கடலின் அவ்வெப்பமும் வாக்கர் கண்ட காற்றழுத்த அசைவும் ஒன்றையொன்று தூண்டுவன என்பதை 1969இல் யாக்கோப் பியர்க்னெஸ் எடுத்துக்காட்டினார். காற்று சில நாள்களில் தன் நிலையை மறக்கும். கடலோ மாதங்களும் ஆண்டுகளும் நினைவில் கொள்ளும். கடலின் மேல் மூன்று மீட்டர் நீர், வளிமண்டலம் முழுவதும் கொள்ளும் அளவு வெப்பத்தைக் கொள்ளவல்லது. அந்நினைவே முன்னறிவிப்பை இயல்வதாக்கியது. மார்க் கேன், ஸ்டீபன் ஸீபியாக் ஆகியோர் கணினி வழியே எல் நினோவை முன்னுரைத்த ஆய்வு 1986இல் வெளிவந்தது.

ஆயினும், முழுத்தெளிவு பிறந்துவிடவில்லை. 1997இல் மிக வலிய எல் நினோ தோன்றியபோதும் இந்தியாவில் மழை குறையவில்லை. 1999இல் இந்தியரும் ஜப்பானியரும் அடங்கிய ஆய்வுக்குழு, இந்தியப் பெருங்கடலுக்கே உரிய இருமுனை அசைவை வெளிப்படுத்தியது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவையடுத்த நீர் வெப்பமுற, சுமத்திராவையடுத்த நீர் குளிர்கிறது. 1997இல் நம் மழையைக் காத்தவற்றுள் இதுவும் ஒன்றென அறிஞர் கருதுகின்றனர்.

இனி, இவ்வசைவுகளுக்கும் அப்பாற்பட்ட நெடுங்கால மாற்றத்திற்கு வருவோம். கடலையும் காற்றையும் ஒருங்கிணைத்த முதற் கணினி மாதிரியை ஸ்யூகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் 1969இல் உருவாக்கினர். நாள்தோறும் மாறும் வானிலையின் ஒழுங்கற்ற அசைவுகள் கடலில் சேர்ந்து நீண்டகால மாற்றங்களாவதைக் கிளாஸ் ஹாசல்மன் 1976இல் விளக்கினார். மனாபேயும் ஹாசல்மனும் 2021இல் நோபல் பரிசு பெற்றோருள் இருவர். மனிதச் செயல்களால் பூமியில் மிகுந்த வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலே ஏற்றுள்ளது. இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை அளக்கும் ஏறத்தாழ நாலாயிரம் ஆர்கோ மிதவைகள் இதைத் தொடர்ந்து பதிவு செய்கின்றன. இப்னு மாஜிதின் கலங்கள் ஓடிய மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடைக்கால மேற்பரப்பு வெப்பம் 1901 முதல் 2012 வரை சுமார் 1.2 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. சென்ற காலத்தை அளவுகோலாகக் கொண்டு வருங்காலத்தைக் கணிக்கும் பழைய முறை இதனால் தளர்ந்துவிட்டது.

இவ்வாறு கணிப்பது மறைவானவற்றை அறிவதாக உரிமை கொண்டாடுவதாகாதா என வினவுவோர் நம்மிடையே உளர். ஆகாது என்பதே நம் துணிபு. மறைவின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது. ஆய்வாளன் அவன் படைப்பில் அமைத்த ஒழுங்கை அளந்து, நிகழக்கூடியதை ஐயத்தின் அளவோடு சேர்த்தே கூறுகிறான். நைரூஸ் நாள்களை எண்ணிப் பாய் விரித்த மாலுமியின் தவக்குலும் அதுவே.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. 1877இல் மக்கள் மாண்டது மழை பொய்த்ததால் மட்டுமன்று. அப்போதும் தானியம் கப்பலேறிற்று. ஆட்சியாளர் நிவாரணத்தைச் சுருக்கினர். அன்று இல்லாத முன்னறிவு இன்று நம் கையில் உள்ளது. அது ஓர் அமானிதம். வறட்சி வருமென அறிந்த பின்னும் களஞ்சியத்தைத் திறவாதிருப்போர்க்கு, அறியாமை என்னும் சாக்கு இனி இல்லை.