ப்ளக்குல கரண்ட் வரலை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். பொங்கலுக்கு ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தேன். பூவராகரைச் சேவிச்சோமா, நாலு வேளை சாப்பிட்டோமா, தூங்கினோமான்னு திரும்பியிருக்கலாம். விதி விடலை. கொட்டகையில அப்பாவோட பழைய மொபெட் நின்னுக்கிட்டிருந்தது.

அப்பா போய் மூணு வருஷம் ஆகுது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டு மெயின் போர்டுல வெள்ளையா ஒரு ஃபியூஸ் கட்டை இருக்குமே, அதைச் செய்யுற இடம். தினம் அந்த வண்டியிலதான் போயிட்டு வருவார். இப்ப காயலான் கடைக்காரர் எடைக்குக் கேக்கறார்னு அம்மா சொன்னாங்க. "குடுத்துடலாம்மா, ஆனா ஒரே ஒரு தடவை ஓட வச்சுப் பாத்துட்டுக் குடுக்கலாம்"னேன். அந்தச் சத்தத்தைக் கேக்கணும் போல இருந்தது, அவ்வளவுதான்.

புது பெட்ரோல், புது ஆயில். பெடலை மிதிச்சு மிதிச்சு முட்டி கழண்டதுதான் மிச்சம். கடைசியில தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். ப்ளக்கைக் கழட்டி, கேப்புல மாட்டி, அதோட மரையை என்ஜின் மேல படுற மாதிரி வச்சு, "மிதி தம்பி"ன்னார். மிதிச்சேன். "ப்ளக்குல கரண்ட் வரலை."

"கரண்ட்டா? இதுல பேட்டரியே இல்லையேண்ணே!"

நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங் என்பதை இந்த இடத்தில் வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். அண்ணன் பார்த்த பார்வை இருக்கே... சரி விடுங்க. அந்தப் பார்வைக்குப் பரிகாரமா அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சதுதான் இந்தப் பதிவு.

என்ஜினுக்குள்ள பெட்ரோலைக் கொளுத்துவது எப்படி? இந்தக் கேள்விதான் ஆரம்ப கால மோட்டார்க்காரர்களைப் படுத்தி எடுத்திருக்கு. 1831இல் ஃபாரடே, காந்தப்புலம் மாறினால் பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும்னு காட்டினார். அதை வச்சு 1850களில் பாரிஸில் ரூம்கார்ஃப் பெரிய மின்பொறி தரும் சுருள்களைச் செய்தார். 1860இல் லெனுவார் தன் கேஸ் என்ஜினில் பேட்டரியும் சுருளும் வச்சுப் பொறி விட்டுக் கொளுத்தினார். 1886இல் காப்புரிமை வாங்கின கார்ல் பென்ஸின் வண்டியிலும் பேட்டரிதான். ஆனா அந்தக் காலத்துப் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோகும். டைம்லர் இதெல்லாம் வேண்டாம்னு ஒரு குழாயை வெளியிலிருந்து பர்னரால் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் கொளுத்தினார். பெட்ரோல் வண்டிக்குள்ள எப்பவும் எரியுற நெருப்பு! நினைச்சாலே பகீர்ங்குது.

வழி காட்டியது ஸ்டுட்கார்ட்டில் பட்டறை வச்சிருந்த ராபர்ட் பாஷ். 1887இல் ஒரே இடத்தில் நிற்கும் என்ஜினுக்கு மாக்னெட்டோ செய்தார். அதாவது காந்தமும் சுருளும் சேர்ந்து, என்ஜின் சுத்துற வேகத்திலேயே மின்சாரத்தை உண்டாக்கும் கருவி. 1897இல் அதைத் திருத்தி ஒரு மூணு சக்கர மோட்டார் வண்டியில் பொருத்தினாங்க. 1902இல் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனால்டு உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதுக்கேத்த ஸ்பார்க் ப்ளக்கையும் முடிச்சுக் கொடுத்தார். அப்பா வண்டியில பேட்டரி ஏன் இல்லைங்கிறதுக்குப் பதில் இதுதான். ஃப்ளைவீலுக்குள்ள காந்தம் இருக்கு. பெடலை மிதிக்கிற என் கால்தான் பவர் ஸ்டேஷன் :-)

இதுல ஒரு கிளைக்கதை. 1914இல் போர் வந்தப்போ, பிரிட்டன் மாக்னெட்டோவுக்குப் பெரும்பாலும் ஜெர்மனியைத்தான் நம்பியிருந்தது. லாரி, விமானம் எல்லாத்துக்கும் வேணும், ஆனா விக்கிறவன் எதிரி. அந்த வருஷம்தான் பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனி, மாக்னெட்டோ செய்துகொண்டிருந்த தாம்சன் பென்னட்டை வாங்கியது. அதே லூகாஸ்தான் 1961இல் டிவிஎஸ்ஸோடு கைகோத்து சென்னை பாடியில் கம்பெனி தொடங்கியது. இந்தப் பக்கம், பாஷ் கூட்டுறவில் 1951இல் பெங்களூரில் மைக்கோ வந்தது. அதுக்கு 2008இல்தான் பாஷ்னு பேர் மாறுச்சு. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த பிறகு, நம்ம ஊர் சந்துக்குச் சந்து ஒரு மாக்னெட்டோ சுத்த ஆரம்பிச்சது.

சரி, வண்டிக்கு வருவோம். அண்ணன் தேடின வரிசையைப் பார்த்து அசந்துட்டேன். நாங்க பொட்டி தட்டுற இடத்துல பக் வந்தா, பாதி பேர் நேரா பெரிய ஃபைலைத் திறந்து கை வைப்பாங்க. அண்ணன் அப்படி இல்லை. காசு கம்மியான, கைக்கு எட்டுற சாமானிலிருந்து ஆரம்பிச்சார்.

முதல்ல வேற ப்ளக் மாத்தினார். பொறி இல்லை. அடுத்து ப்ளக் கேப்பைக் கழட்டி, ஒயர் நுனியை என்ஜினுக்குக் கிட்டக் கொண்டுபோனார். இல்லை. (யாரும் வெறுங்கையால புடிச்சுப் பாக்காதீங்க. ஆயிரக்கணக்கான வோல்ட். பக்கத்துல பெட்ரோலும் சிந்தியிருக்கக் கூடாது.) நான் பெரிய மனுஷன் மாதிரி "காயில் போயிருக்கும், புதுசு வாங்கிடலாமாண்ணே?"ன்னேன். "இருங்க தம்பி"ன்னுட்டு, வண்டியை ஆஃப் பண்ற ஸ்விட்சுக்குப் போற ஒயரைக் கழட்டி விட்டார். "இப்ப மிதிங்க."

நீலமா ஒரு பொறி. டிக்!

விஷயம் இதுதான். மாக்னெட்டோவில் 'பாயிண்ட்'னு ஒரு ஜோடி உலோகப் பொட்டுகள் உண்டு. அது மூடியிருக்கும்போது சுருளில் மின்சாரம் ஓடும். சரியான நேரத்தில் பட்டுன்னு திறக்கும். ஓடுற மின்சாரம் திடீர்னு அறுந்ததும், காயிலில் பெரிய அழுத்தம் பிறந்து ப்ளக்கில் பொறியாகத் தாவும். மோட்டார் ஓடும்போது வால்வைச் சட்டுன்னு மூடினா குழாய் அதிருமே, அது மாதிரி. ஆஃப் ஸ்விட்ச் செய்யுற வேலை, அந்த மின்சாரத்தைப் பாடிக்குத் திருப்பி விடுவது. இன்னொரு வாய் திறந்தே கிடந்தா குழாய் எப்படி அதிரும்? கொட்டகை எலி ஒயரைக் கடிச்சு, செம்பு வெளியே தெரிஞ்சு, ஃப்ரேமில் ஒட்டிக்கிட்டிருந்தது. அதாவது மூணு வருஷமா வண்டி 'ஆஃப்'லயே இருந்திருக்கு. செலவு: ஒரு முழம் இன்சுலேஷன் டேப். அப்படியே பாயிண்ட்டையும் உப்புத்தாளால ரெண்டு இழு இழுத்து விட்டார்.

வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டதும், கனடாவில் இருக்கும் சித்தப்பா பையனிடமிருந்து போன். அவன்கிட்ட பனி மேல ஓடுற ஸ்னோமொபைல் இருக்கு. ரெண்டு ஸ்ட்ரோக். அதுலயும் ப்ளக்குல பொறி இல்லையாம், சிடிஐ பெட்டி ஆர்டர் போடப் போறானாம். சிடிஐன்னா பாயிண்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக்ஸ். 1969இல் கவாஸாகி எச்1 பைக்கில் வந்தது, நம்ம ஊரில் 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100லயும் இருந்தது. "டேய், முதல்ல கில் ஸ்விட்ச் ஒயரைப் பாருடா"ன்னேன். அந்த வண்டிகள்ல ஓட்டுறவர் கீழே விழுந்தா என்ஜின் நிக்கிறதுக்குன்னு உடம்போட மாட்டிக்கிற கயிறும் ஸ்விட்சும் உண்டு. மறுநாள் மெசேஜ்: கயிறு மாட்டுற ஸ்விட்சுக்குள்ள துரு. பெட்டி ஆர்டர் கேன்சல். ஸ்ரீமுஷ்ணம் மெக்கானிக் கனடாவில் ஒரு வண்டி ரிப்பேர் பண்ணிட்டார்!

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

சின்ன வயசுல இதே ப்ளக்கைத் துடைச்சுக்கிட்டே அப்பா சொல்வார்: "இந்த வெள்ளை பாத்தியா? நம்ம ஊரு மண்ணுடா." நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல கிடைக்கிற வெள்ளைக்களியும், விருத்தாசலத்துச் சூளையும் அவர் உலகம். நான் பல பேர்கிட்ட இதைப் பெருமையாச் சொல்லியிருக்கேன்.

படிச்சுப் பார்த்தா, அது சரியில்லை. தொடக்கத்தில் ப்ளக்குகளில் பீங்கானும் மைக்காவும்தான் இருந்தன. என்ஜின்கள் சூடாக ஆக, பீங்கான் விரிசல் விட்டது. பெட்ரோலில் ஈயம் கலந்ததும் மைக்காவும் தாக்குப்பிடிக்கலை. 1930களில் இருந்து அலுமினா வந்துவிட்டது. ப்ளக்கின் வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். அது பெரும்பாலும் பாக்சைட் தாதுவில் இருந்து வருவது, களிமண்ணில் இருந்து இல்லை. அப்பா செய்த ஃபியூஸ் கட்டையை விட ரொம்ப அதிகச் சூட்டில் வேகணும்.

அப்பா சொன்னது தப்பான்னு கொஞ்ச நேரம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் வெள்ளைக்களியோட வேதியியலைப் பார்த்தேன். சுத்தமான கயோலின் களிமண்ணில் எடைக்கு 39.5 சதவீதம் அலுமினா.

நம்ம ஊர்ல பாஸ் மார்க் 35. அப்பா பாஸ்.

வண்டி? ஏழாவது மிதியில் பட்டுச்சு. கொட்டகை பூரா நீலப் புகை. அம்மா சமையக்கட்டுலேர்ந்து ஓடிவந்து வாசப்படியில நின்னாங்க. ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "காயலான் கடைக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடு"ன்னாங்க.

சொல்லிட்டேன்.