2147483647: ‘உபயோகமில்லாத’ ஒரு எண்ணோட கதை

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு கால். டேட்டாபேஸ்ல புதுசா ஒரு வரி கூட ஏற மாட்டேங்குது. கடைசியா பதிவான ஐடி: 2147483647. 32 பிட்ல குறியோட எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண் அதுதான். அந்த காலத்தை 64 பிட்டுக்கு மாத்தி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. அன்னிக்கு எனக்கு அது வெறும் லிமிட். அது ஒரு பகா எண்ணுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

2-ஐ 31 தடவை பெருக்கி, அதுல ஒண்ணைக் கழிச்சா இந்த எண். 1644-ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென், இதே வடிவத்துல இருக்கற பகா எண்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதுல 31-உம் உண்டு. ஆனா பட்டியல்ல இருந்தா போதுமா? அதே பட்டியல்ல இருந்த 67 பின்னாடி தப்புன்னு ஆச்சு.

நிரூபிச்சவர் ஆய்லர். 1772-ல், பீட்டர்ஸ்பர்க்ல. அப்போ அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்தது. அவர் சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதுவாங்க.

நம்ம மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவோம்? ஒரு லூப் போட்டு, வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 46340 வரைக்கும் வகுத்துப் பார்ப்போம். ஆய்லர் முதல்ல யோசிச்சார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கணும்னா, அதை 248-ஆல் வகுத்தா மீதி 1 அல்லது 63 மட்டும்தான் வரமுடியும். 46340 எண்கள் சுமார் 370 ஆயிருச்சு. அதுலயும் பகா எண்களை மட்டும் எடுத்தா நூறுக்கும் கீழ. எதுவும் வகுக்கலை. முடிஞ்சுது. இதைவிட நல்ல ஆப்டிமைசேஷனை நான் இன்னும் பார்க்கலை.

1811-ல் பீட்டர் பார்லோன்னு ஒரு ஆங்கிலேயர். இந்த எண்ணை வச்சு உண்டாகற நிறைவு எண்தான் இனி எப்பவும் கண்டுபிடிக்கப்படற பெருசு, இதெல்லாம் சும்மா ஆர்வத்துக்கு, உபயோகம் இல்ல, யாரும் மேற்கொண்டு தேட மாட்டாங்கன்னு எழுதினார். 1876-லயே லூக்காஸ் 127-க்குப் போயிட்டார், 39 இலக்க எண்!

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இது நம்ம லிமிட்டா இருக்கறதுக்கும் பகா எண்ணா இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல, தற்செயல். 64 பிட் லிமிட், பாவம், 7-ஆல் வகுபடும்.

ஆனா பகாத்தன்மையே வேலை செய்யற இடம் ஒண்ணு இருக்கு. 1988-ல் பார்க், மில்லர்னு ரெண்டு பேர் சிபாரிசு பண்ணின ரேண்டம் எண் முறை: கையில இருக்கற எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு, திரும்பவும் அதையே செய். வகுக்கற எண் பகா எண், 16807-உம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதனால 1-லிருந்து 2147483646 வரைக்கும் எல்லா எண்ணும் சரியா ஒரே ஒரு தடவை வந்துட்டுத்தான் சுத்து மறுபடி ஆரம்பிக்கும். சி++ல மின்ஸ்டாண்ட்_ரேண்ட்0ன்னு டைப் பண்ணிப் பாருங்க, இன்னிக்கும் அங்கதான் இருக்கு.